மேலகரத்திலிருந்து எஸ்பிளனேடு வரை

புதுமைப்பித்தனுடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையைப் படித்தவர்கள் அதன் ஆரம்பத்தை மறந்திருக்க மாட்டார்கள். மேலகரம் கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற மூலையில் நின்று கணக்குப் போடுகிறார். டிராமில் ஏறினால் கையில் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சியதற்கு வெற்றிலை பாக்கா, அல்லது பஸ்ஸில் போய் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் காப்பியா என்பது அவருடைய பிரச்னை. அந்தச் சமயத்தில்தான் கடவுள் அவரிடம் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி விசாரிக்கிறார். 1943ல் வந்த கதை. அதில் வருகிற கடவுளைப் பற்றி விமரிசகர்கள் நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கோ ஒவ்வொரு தடவை படிக்கும்போதும், கடவுள் வருவதற்கு முந்தின அந்த இரண்டு நிமிஷத்திலேயே மனம் நின்றுவிடுகிறது.

அதற்குக் காரணம் உண்டு. நான் தென்காசிக்காரன். மேலகரம் எங்கள் ஊருக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் அந்த ஊர்க்காரர்தான். கந்தசாமிப் பிள்ளையும் எங்கள் மேலகரத்துப் பிள்ளைதான் என்று நாங்கள் சொந்தம் கொண்டாடிக்கொள்கிறோம். இன்னொரு காரணமும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக நான் சென்னைப் பட்டணத்தில் கார் இல்லாமல் குடித்தனம் நடத்துகிறவன். பிள்ளை போட்ட கணக்கை, வெற்றிலையை மட்டும் நீக்கிவிட்டு, நானும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேலகரத்திலேயே இருந்திருந்தால் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேண்டியிருந்திராது. கிழக்கே திரும்பி அரை மணி நடந்தால் தென்காசி. மேற்கே திரும்பி அதே போல நடந்தால் குற்றாலம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தால், வீட்டுக்குப் போய்ச் சேருமுன் துண்டு காய்ந்திருக்கும். சாறல் காலமானால் காயாது, அவ்வளவுதான். சந்தை, கச்சேரி, பள்ளிக்கூடம், வைத்தியர், கோயில், கடன் கொடுக்கிறவர், கடனைத் திருப்பிக் கேட்கிறவர், எல்லாரும் தென்காசியின் நாலு தெருவுக்குள் அடக்கம்.

தென்காசி உண்டானதே நடைக்குப் பயந்துதான் என்று ஒரு கதை. பாண்டி நாட்டுச் ஜனங்கள் காசிக்குப் போகிறேன் என்று கால்நடையாகப் புறப்படுவார்கள். பாதிப் பேர் வழியிலேயே சிவலோகம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பராக்கிரம பாண்டியனுடைய சொப்பனத்தில் சிவபெருமான் தோன்றி, ‘இவர்கள் என்னிடம் வந்து சேருவதாகத் தெரியவில்லை, நானே இங்கே வந்துவிடுகிறேன்’ என்கிற தோரணையில் ஒரு கோயில் கட்டச் சொன்னாராம். சொப்பனத்துக்குச் சாட்சி கிடையாது. ஆனால் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதருக்குக் கட்டிய கோயில் இருக்கிறது. இடிந்து பிளந்து வெகு காலம் மொட்டையாக நின்ற கோபுரத்தை 1990ல் ஒன்பது நிலையோடு திரும்ப எடுத்துக் கட்டிவிட்டார்கள். வாசலில் வீசுகிற காற்று மட்டும் பாண்டியன் காலத்துக் காற்றுத்தான். வேட்டியைக் கையால் பிடித்துக்கொள்ளாமல் யாரும் உள்ளே போக முடியாது. சொப்பனம் நிஜமோ பொய்யோ, அதில் இருக்கிற யோசனை எனக்குப் பிடிக்கும். ஜனங்கள் தூரத்தைத் தாண்டுவதற்கு வழி தேடுவது ஒரு விதம். தூரத்தையே இல்லாமல் பண்ணுவது இன்னொரு விதம். பாண்டியன் இரண்டாவதைச் செய்தான்.

கோயிலைச் சுற்றி ரத வீதிகள். வெள்ளைக்காரன் தேரைக் ‘கார்’ என்றுதான் சொன்னான். ரத வீதியைத் தன் காகிதங்களில் ‘கார் ஸ்ட்ரீட்’ என்று எழுதினான். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்தப் பெயர் இன்னும் பலகையில் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் ஓடும். ஊரே சேர்ந்து வடம் பிடிக்க வேண்டும். நிறுத்துவதற்கு நிலை என்று ஓர் இடம் உண்டு, வேறு எங்கும் நிறுத்தக் கூடாது. அந்தக் காரில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

உள்ளூர்க்காரருக்கு நடை போதும் சரி, வெளியூர்க்காரர்? குற்றாலத்துக்கு வெளியூர்க்காரர் வருவது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. கும்பினிக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற சமயத்திலேயே அங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஜில்லா அதிகாரிகள் வெயிலுக்குப் பயந்து, கச்சேரி சகிதம் சாறல் காலத்தில் குற்றாலத்துக்கு ஜாகை மாற்றுவது வழக்கமாயிற்று. பல்லக்கில் வந்தவர்களைப் பற்றி கெஜட்டியரில் படிக்கலாம். பல்லக்கைத் தூக்கி வந்தவர்களைப் பற்றி நாமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்றவர்களுக்கு வில் வண்டி. திருநெல்வேலியிலிருந்து தென்காசி முப்பத்து மூன்று மைல். என் பாட்டனார், தம்முடைய தகப்பனார் வண்டி கட்டிக்கொண்டு வந்த கதையைச் சொல்லுவார். பொழுது சாய்ந்து புறப்படுவார்களாம். வைக்கோலைப் பரப்பி அதன் மேல் ஜமுக்காளம். அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். ஆலங்குளத்தில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். பாவூர்ச்சத்திரம் வருகிறபோது மலையும், மலை மேல் மேகமும் தெரியும். உடனே குழந்தைகள் வண்டியை விட்டுக் குதித்து ஓட ஆரம்பித்துவிடுமாம். மாட்டைவிட அதுகள் வேகம் என்று பாட்டனார் சிரிப்பார். ஒரு ராத்திரியும் மறுநாள் பகலில் பெரும் பகுதியும் பிடிக்கிற பிரயாணம். அந்தக் காலத்தில் குற்றாலத்துக்கு வந்தவர்கள் ஒரு நாள் குளித்துவிட்டு ஓடிப்போவதில்லை. வந்த சிரமத்துக்குப் பதினைந்து நாளாவது தங்குவார்கள்.

பிறகு ரயில் வந்தது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கும், அங்கிருந்து மலையைக் குடைந்து ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லத்துக்கும் 1904ல் முழுப் பாதையும் திறந்தாயிற்று. இதில் ஒரு வேடிக்கை சொல்வதுண்டு. மலையில் குகை வேலை முடியாததால், கொல்லம் பக்கம் ஓட வேண்டிய முதல் எஞ்சினைக் கழற்றித் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் அனுப்பி, கரையிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பூட்டினார்களாம். புகைவண்டியே கட்டை வண்டியில் வந்த ஊர் எங்கள் பக்கம். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் ஐந்து மைல்தான். ஆனாலும் 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். ஐந்து மைல் ரயிலில் போனால் வேறு ராஜ்யத்தில் இறங்கலாம். 1927ல் விருதுநகரிலிருந்து ராஜபாளையம் வழியாகவும் பாதை போட்ட பிறகு தென்காசிக்கும் சென்னைக்கும் நேர்வழி ஏற்பட்டது. கொல்லம் மெயிலில் ஏறிப் படுத்தால் விடிந்து எழும்பூரில் இறங்கலாம் என்று ஆயிற்று.

குற்றாலத்துக்கு மட்டும் ரயில் ஸ்டேஷன் கிடையாது. இன்றைக்கும் இல்லை. தென்காசியிலோ செங்கோட்டையிலோ இறங்கி, மிச்சம் மூன்று மைலை வண்டியிலோ காலாலோ கடக்க வேண்டும். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்த நாட்களில் ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே வந்து தங்குவார்கள். பெரிய மனிதர்களானாலும் பெரும் பகுதி தூரத்தை எல்லாரோடும் சேர்ந்து ஒரே ரயிலில்தான் கடக்க வேண்டியிருந்தது. வகுப்பு வேறு, வண்டி ஒன்று.

எங்கள் பக்கத்து ஆட்கள் பட்டணத்துக்குப் போனதும் அதே ரயிலில்தான். பாரதியார் 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் வந்து இரண்டு வருஷம் போல இருந்தார். 1920ல் சுதேசமித்திரனில் வேலை பார்க்கச் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறினார். கந்தசாமிப் பிள்ளையும் திருவல்லிக்கேணிதான். தெற்கத்தி ஆட்கள் அங்கே போய் விழுந்ததில் ஆச்சரியமில்லை. பார்த்தசாரதி கோயில், சுற்றி நாலு தெரு, குளம், காய்கறிக் கடை, அச்சாபீஸ், ஹோட்டல். அது பட்டணத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிற ஒரு தென்காசி. வீட்டை விட்டு வேலைக்குப் போகத்தான் டிராம் வேண்டும்.

சென்னையில் மின்சார டிராம் 1895 மே 7ந் தேதி ஓட ஆரம்பித்தது. இந்தியாவில் அதுதான் முதல். லண்டன் மாநகரத்துத் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது இந்த நூற்றாண்டு பிறந்த பிறகு, அதாவது 1901ல் என்று எழுதி வந்தவன், நூற்றாண்டு மாறிவிட்டது நினைவு வந்து திருத்திக்கொள்கிறேன்: போன நூற்றாண்டு. எப்படியானாலும் நாம் ஆறு வருஷம் முந்திக்கொண்டோம். ஆரம்பத்தில் மின்சாரத்தைத் தரைக்கு அடியில் கால்வாய் மாதிரி வெட்டி அதன் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சென்னை மழையைப் பற்றிச் சீமையிலிருந்து வந்த எஞ்சினியருக்கு என்ன தெரியும்? பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். முதல் கம்பெனி நொடித்து, வேறு கைக்கு மாறி, 1904ல் புதுக் கம்பெனியாயிற்று.

டிராம் வேகமான வண்டி அல்ல. ஓடுகிறபோதே ஏறலாம், இறங்கலாம். அதைவிட வேகமாகச் சைக்கிளில் போகலாம். பிறகு அதில் என்ன பெருமை? தண்டவாளம்தான். பஸ்ஸை இன்று ஒரு தெருவிலும் நாளை ஒரு தெருவிலும் விடலாம். தண்டவாளத்தைத் தெருவில் பதித்துவிட்டால் அப்படி மாற்ற முடியாது. நாளைக்கும் வண்டி இந்த வழியாக வரும், இதே காசுதான் கேட்கும் என்று நம்பி ஒரு குமாஸ்தா அந்தத் தெருவில் வீடு பிடிக்கலாம். புரசைவாக்கத்துக் குமாஸ்தாவும் மயிலாப்பூர் வக்கீலும் அப்படி நம்பித்தான் குடித்தனம் வைத்தார்கள்.

1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் வந்ததும் இந்த நம்பிக்கை பதினெட்டு மைல் நீளத்துக்கு நீண்டது. அதற்குச் சில வருஷம் முன்னால்தான் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரம் உண்டாக்கினார்கள். ஏரி போனதைப் பற்றிச் சென்னையின் மழைக்காலங்கள் இன்றும் நமக்கு ஞாபகப்படுத்துகின்றன. அது வேறு கதை. மாம்பலம் ஸ்டேஷன் இல்லாவிட்டால் அந்த நகரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் ஆள் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். சைதாப்பேட்டை, குரோம்பேட்டை, தாம்பரம் என்று சம்பளக்காரர்கள் தெற்கே தெற்கே போனார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்தாலும் கோட்டை ஆபீசுக்கு மின்சாரத்தில் போனார்கள்.

இதையெல்லாம் ஒரே ராமராஜ்யமாக வர்ணிக்க எனக்கு இஷ்டமில்லை. புதுமைப்பித்தனுக்கும் இல்லை. அவருடைய கடவுள் பட்டணத்தில் ஏறிப் போகிற வண்டி டிராம் அல்ல, மனிதன் இழுக்கிற ரிக்ஷா. கார் இல்லாதவர்கள் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ரிக்ஷாவில் உட்கார்ந்தவரும் கார் இல்லாதவர், இழுத்தவரும் கார் இல்லாதவர். தமிழ்நாட்டில் கை ரிக்ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா கொடுத்தது 1973ல். கடவுள் இறங்கிப் போய் முப்பது வருஷம் கழித்து.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது காரும் பஸ்ஸும் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் இருமிக்கொண்டே ஓடின. டிராமுக்கு அந்த அவஸ்தை கிடையாது. எனினும் முதலில் செத்தது டிராம்தான். யுத்தம் முடிந்த பிறகு பஸ்ஸுகள் பெருகின. பட்டணத்துப் பஸ்ஸைச் சர்க்கார் ஏற்று நடத்த ஆரம்பித்தது. டிராம் கம்பெனி நஷ்டம், நஷ்டம் என்று சொல்லி, 1953 ஏப்ரலில் ஒரு ராத்திரியோடு வண்டியை நிறுத்திவிட்டது. குற்றாலத்துக்கு ரயிலில் வந்துபோன ராஜாஜிதான் அப்போது முதல் மந்திரி. கம்பெனியைக் காப்பாற்றச் சர்க்கார் முன்வரவில்லை. தண்டவாளம் ரோட்டுக்கு இடைஞ்சல், டிராம் பழங்காலத்து வண்டி, மோட்டார்தான் நாகரிகம் என்பது அன்று சென்னையில் மாத்திரம் இருந்த எண்ணமல்ல. லண்டனிலும் 1952ல் டிராமை நிறுத்திவிட்டார்கள். கல்கத்தாக்காரர்கள் மட்டும் பிடிவாதமாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பத்தெட்டு வருஷம் ஓடிய வண்டி. அதை நம்பி வேலை பார்த்த டிரைவரும் கண்டக்டரும் மறுநாள் காலையில் என்ன செய்தார்கள் என்று ஒரு நாவல் எழுதலாம். நான் சொல்ல வந்தது அதைவிடச் சின்ன விஷயம். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு இந்தப் பட்டணத்தில் ஒரு தெருவில் வீடு பிடிக்கிறவனுக்கு யாரும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பஸ் வந்தால் வரும். பஸ்ஸைக் குறை சொல்லவில்லை. 1972ல் பல்லவன் என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்தக் கழகம் எத்தனையோ லட்சம் பேரைச் சுமந்திருக்கிறது. படியில் தொங்கினவர்களையும் சேர்த்துச் சொல்கிறேன். மறுபடி பட்டணத்துக்குள் புதுத் தண்டவாளம் போட நாற்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில் 1995ல், மயிலாப்பூருக்கு 1997ல், வேளச்சேரிக்கு 2007ல். கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவில் மெட்ரோ ரயில் 2015 ஜூனில். கடற்கரை-தாம்பரம் மீட்டர் கேஜ் வண்டி 2004ல் விடைபெற்று, அகலப் பாதை வந்தது. அந்தப் பழைய வண்டியில் நான் சில வருஷம் போயிருக்கிறேன். மாம்பலத்தில் ஏறுகிறவர் மூச்சை இழுத்துக்கொண்டு ஏறினால் கோட்டையில்தான் விட வேண்டும்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. எழுபதுகள் வரை கார் வேண்டுமென்றால் அம்பாசடருக்கோ பியட்டுக்கோ பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகையால் கார் இல்லாதது ஒரு குறையாகத் தோன்றவில்லை. டாக்டருக்கும் மில் முதலாளிக்கும் கார் இருக்கும், ஊருக்கு இருக்காது. 1983 கடைசியில் மாருதி வந்தது. அதற்குப் பிறகுதான் ‘இன்னும் கார் வாங்கவில்லையா?’ என்ற கேள்வி தமிழ்நாட்டில் பிறந்தது.

தென்காசியில் ஒரு கலியாண வீட்டில், பந்திக்குக் காத்திருக்கும்போது உறவுக்காரப் பையன் ஒருவன் அதை என்னிடம் கேட்டான்.

“அண்ணாச்சி, இத்தனை வருஷமா மெட்ராஸ்ல இருக்கீய. இன்னும் ஒரு காரு எடுக்கலியா?”

“ரயிலு இருக்குல்லா தம்பி.”

“ரயிலு வீட்டு வாசலுக்கு வருமா, அண்ணாச்சி?”

“அது வராது. வீடுதான் ரயிலு வாசலுக்குப் போகணும்.”

பையன் சிரித்துவிட்டான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சைதாப்பேட்டையில் ஸ்டேஷனுக்கு நடை தூரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு, இதே மாதிரி வீட்டுக்கு வெளியே கொடுக்க வேண்டியதைவிட அதிகமாக வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காருக்குக் கட்டாத தவணையை வீட்டுக்காரருக்குக் கட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரமங்கள் இல்லாமல் இல்லை. கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறேன். நடு ராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் கண்டு, ஆட்டோவுக்காகத் தெருக் கோடியில் கையை ஆட்டிக்கொண்டு நின்ற நிமிஷங்களும் உண்டு. ஆனால் வாடகையைக் கூடக் கொடுக்க என்னால் முடிகிறது. கார் இல்லாமல் இருப்பது என் விஷயத்தில் நானே செய்துகொண்ட ஏற்பாடு. அதில் தியாகம் எதுவும் கிடையாது.

சிங்கப்பூருக்குப் போன எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சர்க்காரே செய்து வைத்திருக்கிறது. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் யுத்தத்துக்கு முன்பிருந்தே கப்பலேறிப் போய்த் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் துறைமுகத்தை ஒட்டிக் குடியிருந்தவர்கள். 1946ல் உமறுப்புலவர் பெயரில் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம்கூட நடத்தினார்கள். வேலைக்கும், தொழுகைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் நடைதான். 1975லேயே அங்கே நகரத்து நடுவில் கார் நுழைவதற்குக் கட்டணம் வைத்தார்கள். 1987ல் ரயில் விட்டார்கள். 1990லிருந்து கார் வாங்க வேண்டுமானால், காரின் விலை போக, வாங்குவதற்கு உரிமைச் சீட்டு ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவன்கூட அங்கே ரயிலில் நின்றுகொண்டு போகிறான். லீவில் ஊருக்கு வந்தால் முதல் காரியமாக வாடகைக் கார் பேசுகிறான். ஏனென்றால் குற்றாலத்துக்குப் போக வேண்டும்.

ஆனி, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? எறும்பு ஊர்கிற மாதிரிக் கார்கள். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தாம்பரத்திலும் மதுரையிலும் ஏறினவர்கள் காலையில் தென்காசியில் இறங்குகிறார்கள். 2010ல் நின்று போன மலைப் பாதை ரயிலும் 2018ல் திரும்ப வந்து, கொல்லத்துக்காரர்களையும் கொண்டு வருகிறது. இருந்தாலும் காரில் வருகிறவர்களே கண்ணுக்கு நிறைகிறார்கள். அருவிக்கரைக்குள் கார் போகாது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய காரானாலும் எங்கேயோ நிறுத்திவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய் தேய்த்த உடம்போடு மற்றவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். அந்த மட்டும் பேரருவி சமதர்மவாதி. நடுவில் அகப்பட்டுக்கொண்டது மேலகரம். அங்கிருக்கிறவர்கள் தென்காசி ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் போனால், பஸ் அந்தக் கார்களுக்குப் பின்னால் நிற்கிறது. பிள்ளைமார் காலத்து அரை மணி நடை இப்போது அந்த நாட்களில் பஸ்ஸைவிட வேகம். ஆனால் நடப்பதற்குத்தான் ரோட்டில் ஓரம் மிச்சமில்லை.

பட்டணத்துக்குத் திரும்புகிறேன். பராக்கிரம பாண்டியன் தூரத்தை இல்லாமல் பண்ணினான் என்றேன். சென்னையில் நம் காலத்தில் தூரத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஓரங்களிலும், கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளிலும் தலைமுறைகளாகக் குடிசை போட்டிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் 2000ஆம் வருஷத்திலிருந்து கண்ணகி நகரிலும், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியிலும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களிலும் குடிவைத்தார்கள். கூரை போய்க் கான்கிரீட் வந்தது நிஜம். ஆனால் அவர்கள் வேலை பார்த்த வீடுகளும், கடைகளும், மீன் மார்க்கெட்டும் நகரவில்லை. நடந்து போய்ப் பத்து நிமிஷத்தில் பாத்திரம் தேய்த்துவிட்டு, குழந்தைக்குச் சோறு போடத் திரும்பி வந்தவர்கள், பதினைந்து மைலுக்கு அப்பால் போய்விட்டார்கள். பட்டணத்தில் கார் இல்லாமல் வாழ்வதற்கு ஏழைகளிடம் ஒரே ஒரு சொத்து இருந்தது. வேலைக்குப் பக்கத்தில் இருப்பது. அதை எடுத்துக்கொண்டு வீடு கொடுத்தார்கள்.

2018 ஜனவரியில் பஸ் கட்டணத்தை உயர்த்தினார்கள். பட்டணத்தில் 3 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 5 ரூபாயாயிற்று. தூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்களைத்தான் அது அடித்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸுகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று செய்தார்கள். முகப்பில் ரோஜா வர்ணம் பூசின பஸ் வந்தால் பெண்கள் ஏறலாம். 1895க்குப் பிறகு இந்தப் பட்டணத்தில் கார் இல்லாதவர்களுக்காக நடந்த காரியங்களில் இதைப் பெரியது என்றே நான் சொல்வேன். இதைப் பரிகாசம் செய்கிறவர்கள் காரில் உட்கார்ந்துகொண்டு செய்கிறார்கள்.

எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் வேலை செய்கிற அம்மாள் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறாள். முன்னே அடையாற்றங்கரையில் குடியிருந்தவள். ஒரு நாள் என் மனைவி, நேரமாகிவிட்டதே என்று கேட்டாள். கேட்டதில் கோபம் இல்லை. ஆனாலும் அந்த அம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாள். “விடியக்காலம் நாலரைக்கு எழுந்திரிச்சாத்தான் அஞ்சரை பஸ் கெடைக்கும்மா. அது ரோஸ் பஸ்ஸு, காசு இல்ல. அத விட்டா அடுத்து வர்றது வேற பஸ்ஸு, டிக்கெட்டு. அதுவும் வரலைன்னா ஷேர் ஆட்டோ, வேளச்சேரிக்கே 30 ரூவா கேப்பான். அங்கேருந்து இன்னொரு பஸ்ஸு. போக வர ஆட்டோன்னா ஒரு வீட்டுச் சம்பளத்துல பாதி அதுக்கே போயிடும். அதனால ரோஸ் பஸ்ஸு வர்ற வரைக்கும் நின்னுதான் வருவேன். நீங்க நேரமாச்சுன்னு சொன்னா, நாளைக்கு மூணாவது வீட்ட விட்டுட்டு முதல்ல இங்க வந்துர்றேன்.”

பிறகு எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். திரும்பிப் போகிற பஸ் மூன்றரைக்கு.